ஏட்டில் ஒரு பெயர்

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது” என்பது தமிழ் மக்கள் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. ஏட்டில் எழுதிய சுரைக்காயைக் கொய்து சட்டியில் இட முடியாது என்பது உண்மையே. ஆயினும், பதிவேடுகளைக் கொண்டு ஆட்சி நடத்தும் அரசுகள் தோன்றிய பின்னர், இதற்கு நேர்மாறான உண்மையொன்றும் உலகில் வழங்கலாயிற்று. மண்ணிலே பிறந்து, மண்ணிலே உழைத்து, மக்களைப் பெற்று வாழும் மனிதனாயினும், அவன் பெயர் ஏட்டில் இல்லையாயின் அரசின் கண்ணுக்கு அவன் தென்படுவதில்லை. ஏட்டில் உள்ள பெயர் சோறு தராதிருக்கலாம். ஏட்டில் இல்லாத பெயரோ, உரிமை எதனையும் தராது.

ஒருவன் 18 வயதை எய்தும்போது அரசு அவன் பெயரை ஏட்டில் எழுதிக்கொள்வது பல நாடுகளில் உள்ள வழக்கம். அந்த ஏடு எதற்கானது என்பதுதான் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அது படைக்கான ஏடு. வியட்நாம் போர் நடந்த காலத்தில், 1969ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், ஆண்டின் 366 நாட்களையும் தனித்தனிச் சிறு குப்பிகளில் இட்டு, ஒரு கண்ணாடிப் பாண்டத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தனர். எந்த நாள் முதலில் வந்ததோ, அந்த நாளில் பிறந்த இளைஞர் முதலில் போர்முனைக்கு அழைக்கப்படுவர் என்பது ஏற்பாடு. 1973ஆம் ஆண்டில் கட்டாய ஆட்சேர்ப்பு நின்றுபோயிற்று. ஆனால் 1980ஆம் ஆண்டில் பெயர்ப்பதிவு மீண்டும் தொடங்கிற்று. 18 வயது முதல் 25 வயது வரையிலான ஆடவர் பெயர்கள் இந்த ஏட்டில் இருத்தல் வேண்டும் என்பது சட்டம். மத்திய அரசில் உத்தியோகம் தேடும் ஆடவன், தன் பெயர் பதியப்பட்டிருக்கிறதா என்பதை உறுதிசெய்து காட்ட வேண்டியவனாகிறான்.

தமிழுக்கு ஆட்சிமொழிகளுள் ஒன்றாக இடமளித்துள்ள சிங்கப்பூரில், 1967ஆம் ஆண்டு முதல் தேசிய சேவை கட்டாயமாக இருந்து வருகிறது. அங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் ஆண்பிள்ளைகளும், சீனர், மலாயர் பிள்ளைகளோடு ஒருங்கே, பதினாறரை வயதில் பெயர் பதிந்து, பின்னர் ஈராண்டுக் காலம் சீருடை அணிகின்றனர். பெயர் பதியாத இளைஞனை அரசு தேடிவரும். கடல் கடந்து போயிருந்தாலும் மறவாது.

இலங்கையில் அத்தகைய கட்டாய ஏடு இல்லை. 1949ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட இலங்கை இராணுவம் தாமாக முன்வந்து சேர்ந்தோரைக் கொண்டே இயங்கி வந்துள்ளது. இந்நாட்டில் 18 வயதை எய்தும் ஆணையும் பெண்ணையும் எதிர்நோக்கி நிற்கும் ஏடு ஒன்றுதான். அதுவே வாக்காளர் இடாப்பு. படையின் ஏட்டுக்கும் வாக்கின் ஏட்டுக்கும் உள்ள வேறுபாட்டை நேயர்கள் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். படையின் ஏட்டில் பெயர் இல்லையாயின் அரசுக்கு நட்டம். ஆதலின் அரசு ஆளைத் தேடுகிறது. வாக்கின் ஏட்டில் பெயர் இல்லையாயின் நட்டம் அடைபவன் அந்த மனிதன் மட்டுமே. ஆதலின் அவனே தன் பெயரைத் தேட வேண்டியவனாகிறான். இந்த உண்மையை மாத்தளை மாவட்டத்துத் தோட்ட மக்களைப் போல விலை கொடுத்துக் கற்றவர்கள் சிலரே.

மாத்தளை நகரம் மலையகத் தமிழரின் வரலாற்றில் ஒரு தலைவாசல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கென்று தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள், மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாகக் காடுகளினூடே கால்நடையாக நடந்து மாத்தளையை அடைந்தனர். வழியில் மாண்டவர் பலர். 1880ஆம் ஆண்டில் புகையிரதப் பாதை மாத்தளையை எட்டிற்று. அதற்கு முன்னர் நடந்து வந்தோர்க்குக் குளிர்ந்த மலைகள் கண்ணில் பட்ட முதல் ஊர் இதுவே. முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகப் பெருவிழாவில் பவனி வரும் ஐந்து தேர்களும், அந்த மக்கள் இவ்வூரில் வேரூன்றியதற்குச் சான்றாக உள்ளன.

இந்த மக்களின் வாழ்வு தொடக்கமுதல் ஏடுகளாலும் சீட்டுகளாலும் கட்டுண்டு கிடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கடல் கடக்கும் தொழிலாளியின் கையில் தோட்டத்தின் குறியும் எண்ணும் பொறித்த சிறு தகரத் தகடு ஒன்று கொடுக்கப்பட்டது. அவன் எந்தத் தோட்டத்துக்குரியவன் என்பதை அத்தகடு சொல்லும். தோட்டத்துக்கு வந்த பின்னர் “துண்டு” என்னும் கடிதம் அவன் விதியை நிர்ணயித்தது. அவன்மீதும் அவன் கங்காணியின்மீதும் உள்ள கடனை யார் தீர்க்கிறாரோ, அவருடைய தோட்டத்துக்கு அவன் செல்லலாம் என்பது துண்டின் பொருள். 1921ஆம் ஆண்டில் இந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தோட்டத்தை விட்டு நீங்குவோன் பற்றுச்சீட்டுப் பெற்றான். தோட்டத்தில் இருப்போன் பெயர் செக்ரோலில் நின்றது. தோட்டத்துப் பேச்சில் “பேர்” என்னும் சொல்லே ஒரு நாட் கூலியைக் குறிக்கும். அன்றைய கொழுந்து நிறைவாக இருந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். தன் பேரைப் பிறர் எழுதவும் வெட்டவும் கண்டு வாழ்ந்த சமுதாயம் இது. ஆதலின் இன்னோர் ஏட்டில் தன் பெயரைத் தானே பதிவிக்கும் உரிமை எத்துணைப் பெரிது என்பதை இச்சமுதாயத்துக்கு எடுத்துக் கூற வேண்டியதில்லை.

அந்த உரிமை முதன்முதல் 1931ஆம் ஆண்டில் வாயில்வரை வந்தது. டொனமூர் அரசியல் திட்டத்தின்கீழ் 21 வயதடைந்த ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை அளிக்கப்பட்டது. ஆசியாவிலேயே முன்மாதிரியாக விளங்கிய ஏற்பாடு அது. எனினும், இந்திய வம்சாவளியினர் நிரந்தரமாகக் குடியிருப்பதற்குச் சான்று காட்ட வேண்டும் என்னும் நிபந்தனைகள் அவர்கள்மீது விதிக்கப்பட்டன. அவ்வாறிருந்தும், 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் 7 பேர் பாராளுமன்றம் புகுந்தனர். நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமானும், தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும் அவ்வெழுவருள் அடங்குவர்.

பின்னர் நடந்தது விரைவாக நடந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவன் தன் தந்தையும் இலங்கையில் பிறந்தவர் என்பதை நிரூபிக்க வேண்டும் என்று கேட்டது. தந்தையின் பிறப்புச் சான்றினைத் தகரப்பெட்டியில் வைத்திருந்த தொழிலாளர் மிகச் சிலர். 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம், பிரசைகளாக உள்ளோருக்கு மட்டுமே வாக்கு என்று வரையறுத்தது. ஏட்டிலிருந்து பெயர்கள் பல்லாயிரக்கணக்கில் நீங்கின.

விட்டுப்போன உரிமையை மீண்டும் பெறுதற்கு ஒரு வழி திறக்கப்பட்டது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டமே அது. மணமானவர் 7 ஆண்டுகளும், மணமாகாதவர் 10 ஆண்டுகளும், 1946ஆம் ஆண்டு சனவரி 1ஆம் திகதிக்கு முன்னர் இடையறாது இந்நாட்டில் வசித்திருத்தல் வேண்டும். விண்ணப்பிக்க வழங்கப்பட்ட காலம் 2 ஆண்டுகள். இறுதி நாள் 1951ஆம் ஆண்டு ஆகத்து 5. சட்டம் அநீதியானது என்று கருதிய தலைவர்கள் தொடக்கத்தில் இப்பதிவினைப் பகிட்கரித்தனர். பின்னர், வாயில் மூடப்படுமுன் நுழைவதே அறிவுடைமை என்று கண்டு, விண்ணப்பிக்குமாறு மக்களைத் தூண்டினர். எஞ்சிய மாதங்களில் தோட்டந்தோறும் படிவங்கள் நிரப்பப்பட்டன.

சுமார் 2 இலட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள் சென்றன. அவற்றுள் அடங்கிய மக்கள் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர். ஆண்டுக்கணக்கில் விசாரணைகள் நடந்தன. இறுதியில் உரிமை பெற்றவர்கள் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. ஏனையோர் தவறியதற்குக் காரணம் அவர்கள் இந்நாட்டில் வாழவில்லை என்பதன்று. வாழ்ந்ததைக் காட்டத் தாள் இல்லை என்பதே பலருடைய நிலை. பழைய செக்ரோல்கள் எல்லாத் தோட்டங்களிலும் பேணி வைக்கப்படவில்லை. ஒருவரே ஓர் ஏட்டில் ஒரு பெயரோடும், வேறோர் ஏட்டில் வேறொரு பெயரோடும் காணப்பட்டார். குலதெய்வத்துக்குப் பொங்கலிடவோ, உறவினர் திருமணத்துக்கோ இந்தியா சென்று நீண்ட நாள் தங்கியவர், இடையறாத வசிப்பை இழந்தவராகக் கருதப்பட்டார்.

தன் பெயரைத் தேடிச் சென்ற ஒரு மனிதரின் வழக்கு சட்ட வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. கேகாலை மாவட்டத்தின் ருவன்வெல்லைத் தொகுதியில், கோடாக்கன் பிள்ளை என்பவர் தம் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்க்குமாறு கேட்டார். பிரசை என்பதற்குச் சான்றில்லை என்று பதிவு அதிகாரி மறுத்தார். மேன்முறையீட்டை விசாரித்த அலுவலர் கோடாக்கன் பிள்ளைக்குச் சார்பாகத் தீர்ப்பளிக்க, அத்தீர்ப்பைக் கொழும்பு உயர்நீதிமன்றம் தள்ளிற்று. விடயம் இலண்டனிலுள்ள கோமறைக் கழகம் வரை சென்று, 1953ஆம் ஆண்டில் அவருக்கு எதிராகவே முடிவுற்றது. ஓர் ஏட்டில் ஒரு வரிக்காக ஒரு மனிதர் கடல் கடந்தும் வாதாடினார் என்பது இன்றைய இளைஞர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

பாராளுமன்றத்திலும் அதன் விளைவு தெரிந்தது. 1947இல் 7 பேரை அனுப்பிய மக்கள், 1952இல் ஒருவரையேனும் அனுப்ப முடியவில்லை. வாக்குப் பெட்டியின் வழியே சௌமியமூர்த்தி தொண்டமான் மீண்டும் பாராளுமன்றம் புகுந்தது 1977ஆம் ஆண்டில். இடையே கழிந்தவை 30 ஆண்டுகள். ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, தானும் குழந்தை பெறுமளவு காலம் அது.

அந்த இடைக்காலத்தில் மக்களை எண்ணிப் பங்கிடும் உடன்பாடுகள் எழுந்தன. 1964ஆம் ஆண்டு ஒக்தோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி, மதிப்பிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்றாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டின் உடன்பாடு சரிபாதியாகப் பிரித்தது. ஒரே லயத்தில், சுவருக்கு இப்பால் வாழ்ந்த அண்ணன் இலங்கைப் பிரசையாகவும், அப்பால் வாழ்ந்த தம்பி இந்தியக் கடவுச்சீட்டுக்குக் காத்திருப்பவனாகவும் இருந்த குடும்பங்கள் உண்டு. 1984ஆம் ஆண்டில் தலைமன்னார்க் கப்பல் நின்றது. கடவுச்சீட்டுப் பெற்றும் பயணம் போகாதவர்கள் தோட்டங்களிலேயே தங்கினர்.

1972ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டையிலும் இந்த வேறுபாடு ஓரெழுத்தாக நின்றது. பழைய அட்டையின் 9 இலக்கங்களுக்குப் பின்னர் பொதுவாக ஆங்கில எழுத்து “வீ” இருக்கும். அது வாக்குரிமை உள்ளவரைக் குறித்தது. வாக்குரிமை இல்லாதவருக்கு “எக்ஸ்” இடப்பட்டது. ஒரே குடும்பத்தில் தாயின் அட்டையில் ஓரெழுத்தும் மகளின் அட்டையில் மற்றோரெழுத்தும் காணப்படலாம். 2016ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணில் இந்த எழுத்து இல்லை.

முடிச்சுகள் படிப்படியாக அவிழ்ந்தன. 1986ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும் நாடற்றோர் பலருக்குப் பிரஜாவுரிமை வழங்கின. எஞ்சியிருந்தோருக்காக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1964ஆம் ஆண்டு ஒக்தோபர் 30ஆம் திகதி முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவந்த இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் இலங்கைப் பிரசைகள் என்று அது கூறிற்று. அவ்வாண்டின் இறுதியில், அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர்ஸ்தானிகர் அலுவலகத்தின் துணையுடன் நடந்த இயக்கத்தில், 10 நாட்களில் சுமார் 1,90,000 பேர் உரிமை பெற்றனர். அரை நூற்றாண்டுக் காலம் முடங்கிக் கிடந்த விடயம், மனமும் முயற்சியும் கூடியபோது பத்தே நாளில் முடிந்தது.

இப்போது ஓர் இல்லத்தை மனக்கண்ணில் காண்போமாக. எல்கடுவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயத்துக் காம்பரா ஒன்றில் முதியவர் ஒருவர் இருக்கிறார். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரசையானவர். நாற்பது வயதைத் தாண்டிய பின்னரே தம் முதல் வாக்கினை அளித்தவர். தகரப்பெட்டியின் அடியில், துணியில் சுற்றிய தாள்கள் அவரிடம் உண்டு. அவற்றை அவர் எவரிடமும் எளிதில் கொடுப்பதில்லை. அவருடைய பேத்திக்கு 18 வயது நிறைந்து சில மாதங்கள் ஆகின்றன. பாடசாலைக் கல்வியை முடித்துவிட்டு, கொழும்பில் வேலைக்குச் செல்ல ஆயத்தமாகிறாள்.

“உன் பெயர் இடாப்பில் ஏறிவிட்டதா, அம்மா?” என்று முதியவர் கேட்கிறார்.

“அடையாள அட்டை எடுத்துவிட்டேனே, தாத்தா. அது போதாதா?” என்கிறாள் பேத்தி.

“அட்டை நீ யார் என்று சொல்லும். உனக்கு வாக்கு உண்டா என்று இடாப்புத்தான் சொல்லும். கிராம சேவகர் ஐயாவைப் பார்த்துவிட்டுப் பிறகு கொழும்புக்குப் போ” என்கிறார் அவர்.

முதியவரின் அறிவுரை சட்டத்தின் சாரம். வாக்களிப்பு நிலையத்தில் அடையாள அட்டை ஆளை உறுதிப்படுத்தும். ஆனால் இடாப்பில் பெயர் இல்லையாயின், அட்டையை நீட்டியும் பயனில்லை. மாறாக, இடாப்பில் பெயர் இருந்து, தபாலில் வரவேண்டிய வாக்காளர் அட்டை மட்டும் வந்து சேராவிடினும், ஏற்றுக்கொள்ளப்பட்ட அடையாள ஆவணத்தைக் காட்டி வாக்களிக்கலாம். இவ்வேறுபாட்டை அறியாமையால், அட்டை வரவில்லை என்று வீட்டிலேயே இருந்துவிடுவோரும் உண்டு. அட்டை எடுத்தாயிற்று என்று இடாப்பை மறந்துவிடுவோரும் உண்டு.

வாக்காளர் இடாப்பு 1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் ஆண்டுதோறும் மீளாய்வு செய்யப்படுகிறது. வாக்குரிமை வயது 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது 1959ஆம் ஆண்டில். 2021ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின்னர், பெப்ரவரி 1ஆம் திகதியே தகுதி காணும் நாளாகக் கொள்ளப்படுகிறது. அந்நாளுக்குப் பின்னர் 18 வயதை நிறைப்போர் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆண்டின் இடையிலே தயாரிக்கப்படும் துணை இடாப்புகளில் அவர்கள் பெயர் சேரலாம். ஒருவர் தாம் வழக்கமாக வசிக்கும் இடத்திலேயே பதியப்படுவார். ஈரிடத்தில் பதிய இயலாது.

கணக்கெடுப்பின் முதற்படி கிராம உத்தியோகத்தரின் கையில் உள்ளது. வீட்டுத் தலைவர் கொடுக்கும் விவரங்களே இடாப்பின் விதை. தோட்டங்களில் இங்கேதான் இடர் தோன்றுகிறது. லயத்துக் காம்பராக்கள் பலவற்றுக்கு ஒழுங்கான முகவரி இருந்ததில்லை. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கே வந்து சேர்ந்தன. ஒரே காம்பராவில் இரண்டு மூன்று குடும்பங்கள் வாழும்போது, விவரம் கொடுப்பவர் தம் மருமகளின் பெயரையோ, கொழும்பில் வேலை செய்யும் மகனின் பெயரையோ மறந்துவிடக்கூடும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும், பாடசாலைப் பதிவில் மற்றொரு பெயரும், அடையாள அட்டையில் வேறோர் எழுத்துக்கூட்டலும் அமைந்துவிட்ட பிள்ளைகள் பலர். பெயரைக் கேட்டெழுதியவர் தமிழ் அறியாதவராயிருந்தால், கருப்பாயி ஒரு தாளில் ஒரு விதமாகவும் மறுதாளில் மறுவிதமாகவும் உருமாறுவாள்.

ஆதலின் பெயரைக் கொடுப்பதோடு கடமை முடிவதில்லை. கொடுத்த பெயர் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதும் கடமையின் மறுபாதி. கணக்கெடுப்பு முடிந்தபின், பழைய இடாப்பிலிருந்து நீக்கப்படவிருக்கும் பெயர்கள் ஒரு பட்டியலாகவும், புதிதாகச் சேர்க்கப்படவிருக்கும் பெயர்கள் மற்றொரு பட்டியலாகவும் மக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. கிராம உத்தியோகத்தர் அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் அவற்றைக் காணலாம். தம் பெயர் விடுபட்டிருந்தால் உரிமைக் கோரிக்கையும், தகுதியற்ற பெயர் சேர்ந்திருந்தால் ஆட்சேபமும், அறிவித்தலில் குறிக்கப்பட்ட நாட்களுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்கு எழுதலாம். விசாரணைக்கு அழைத்தால், தாள்களை எடுத்துக்கொண்டு செல்லுதல் வேண்டும். இடாப்பு அத்தாட்சிப்படுத்தப்பட்ட பின்னர் வாயில் மூடப்பட்டுவிடும். அதன்பின் வாக்களிப்பு நாளன்று எழுப்பும் முறைப்பாடு காற்றோடு போகும். “எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?” என்பது இங்கே பொருந்தும் பழமொழி.

இக்காலத்தில் இன்னும் எளிய வழியும் உண்டு. தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை எண்ணை இட்டுத் தம் பெயர் எந்தத் தொகுதியில், எந்தக் கிராம உத்தியோகத்தர் பிரிவில் உள்ளது என்று பார்க்க முடிகிறது. கையில் கைபேசி வைத்திருக்கும் பிள்ளை, தன் பெயரை மட்டுமன்றி, தாய் தந்தையரின் பெயர்களையும் தாத்தா பாட்டியின் பெயர்களையும் பார்த்துச் சொல்லலாம். முன்னொரு காலத்தில் இலண்டன் வரை போய் வாதாடியும் கிடைக்காத வரி, இன்று ஓர் இளைஞன் தேயிலை மலையின் வங்கியடியில் அமர்ந்தவாறே தேடிக் காணக்கூடியதாக உள்ளது.

வாக்களிப்பது ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் நிகழ்ச்சி. அதற்காக ஆண்டுதோறும் இடாப்பைப் பார்க்க வேண்டுமா என்று கேட்போர் உண்டு. இடாப்பின் பயன் வாக்களிப்போடு நிற்பதில்லை. அரசாங்கப் பாடசாலைகளில் முதலாம் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும்போது, பாடசாலைக்கு அண்மையில் வசிப்போர் என்னும் பிரிவில், பெற்றோரின் பெயர் முந்திய ஆண்டுகளின் வாக்காளர் இடாப்பில் இருப்பதற்குப் புள்ளிகள் வழங்கப்படுகின்றன. பிள்ளை பிறந்த ஆண்டில் இடாப்பைப் பாராத தந்தை, ஐந்தாண்டு கழித்து அதே பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க வரும்போது வெறுங்கையோடு நிற்க நேர்கிறது. பாடசாலையின் மதிலுக்கு எதிரே பிறந்து வளர்ந்த பிள்ளையாயினும், தாள் பேசாதவிடத்து மதிப்பெண் இல்லை. அவ்வேளையில் அதிபரைக் குறைகூறிப் பயனென்ன? விடுபட்ட ஆண்டுகளைப் பின்னோக்கிச் சென்று நிரப்ப எவராலும் இயலாது.

மாத்தளைத் தேர்தல் மாவட்டத்தில் தம்புள்ளை, லக்கலை, மாத்தளை, இரத்தோட்டை என நான்கு வாக்களிப்புத் தொகுதிகள் உள்ளன. 2024ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இம்மாவட்டத்துக்குரிய ஆசனங்கள் 5. நாடெங்கும் அவ்வாண்டில் பதியப்பட்டிருந்த வாக்காளர் 1 கோடியே 71 இலட்சத்துக்கும் அதிகமானோர். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாத்தளை மாவட்டத்தின் மக்கள் தொகை சுமார் 4 இலட்சத்து 84 ஆயிரம். அவருள் தமிழர் சிறுபான்மையினர். பெருந்தொகையினர்க்கு இடையே சில பெயர்கள் விடுபட்டாலும் பெரிய மாற்றம் தோன்றாது. சிறுதொகையினர்க்கோ, ஒவ்வொரு பெயரும் நிறையில் வைத்து எண்ணப்படும் நெல்மணி. ஒரு தோட்டத்துக்குப் பாதை வேண்டும், வைத்தியசாலை வேண்டும், காணியும் தனிவீடும் வேண்டும் என்று கேட்கப்படும்போது, கேட்பவர்கள் எத்தனை பேர் என்பதை இடாப்பே சொல்லுகிறது.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழக்கூடும். பெயர் இருந்தவர்கள் எல்லாரும் வாழ்ந்துவிட்டார்களா? வாக்களித்தும் லயங்கள் லயங்களாகவே உள்ளனவே என்று இளைஞர் கேட்கலாம். கேள்வியில் உண்மை உண்டு. வாக்கு ஒன்றே வீடாகிவிடாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழி அங்கே தன் பொருளை மீண்டும் காட்டுகிறது. ஆனால் வாக்கு இல்லாத 30 ஆண்டுகளில் என்ன நேர்ந்தது என்பதையும் அவ்விளைஞர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர்களைப் பற்றிய உடன்பாடுகள் அவர்களைக் கேளாமலே எழுதப்பட்டன. இலட்சக்கணக்கானோர் எண்களாக நின்று பங்கிடப்பட்டனர். வாக்குரிமை வாழ்வு தராதுபோகலாம். ஆயின் அது இல்லாத மக்களின் வாழ்வைப் பிறர் முடிவு செய்வர்.

2023ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில், மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபயணம் ஒன்று மாத்தளையில் வந்து நிறைவுற்றது. முன்னோர் நடந்த அதே வழியில் பேரப்பிள்ளைகள் நடந்தனர். முன்னோர் நடந்தபோது அவர்கள் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. வழியில் வீழ்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் யார் யார் என்று கூற இன்று ஏடு இல்லை. பின்வந்தோரின் பெயர்களைத் தகரத் தகடும், துண்டும், செக்ரோலும் எழுதின. அவையெல்லாம் பிறர் தேவைக்காகப் பிறர் எழுதியவை. வாக்காளர் இடாப்பு ஒன்றே, இந்த மக்கள் தாமே கேட்டுப் பெற்று, தம் பொருட்டுத் தம் பெயரை எழுதுவித்த ஏடு.

எல்கடுவைப் பேத்தி இப்போது என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவு. கொழும்புக்குப் பேருந்து ஏறுமுன், பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு, கிராம உத்தியோகத்தரிடம் செல்லுதல் வேண்டும். இரண்டிலும் பெயர் ஒன்றாக உள்ளதா என்று பார்த்தல் வேண்டும். வேறுபாடு இருப்பின், பிரதேச செயலகத்தில் விசாரித்து, இளமையிலேயே திருத்திக்கொள்ளுதல் வேண்டும். பட்டியல் வெளிவரும் நாளில், கொழும்பில் இருந்தாலும் தன் வரியைத் தேடிப் பார்த்தல் வேண்டும். திருமணமாகி வேறூர் சென்றால், அவ்வூரில் மீண்டும் பதிதல் வேண்டும். இவை அரை நாள் வேலைகள். தோட்டத்துப் பேச்சில் சொன்னால், ஓர் அரைப்பேரை இழந்தாலும், முழுப் பெயரைக் காத்துக்கொள்ளும் வேலைகள்.

அவள் அதனைச் செய்து முடித்துத் திரும்பி வந்து, “பெயர் இருக்கிறது, தாத்தா” என்று சொல்லும்போது, முதியவர் தம் தகரப்பெட்டியை மூடி வைக்கலாம். நேயர்கள் இல்லங்களிலும் அந்தச் சொல் ஒலிக்கட்டும்.